அவசரம் இல்லைங்க

உக்காருங்க, தாராளமா உக்காருங்க. ‘இங்க யாராச்சும் வர்றாங்களா’ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக் குடுக்கலாம். வேண்டாங்களா? சரி, உங்க இஷ்டம். நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன்.

கரூர்தானுங்களா? நானும் கரூர்தான். நல்லதாப் போச்சு. நான் பேசறது தொந்தரவா இருந்தா உடனே சொல்லிடுங்க. காதுல அந்த வயரை மாட்டிக்கறதுன்னாலும் மாட்டிக்கங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். மாட்டலைங்களா? சந்தோஷம்.

அங்க பாருங்க, மூணாவது சீட்டுல. போன்ல என்னமோ வீடியோ போட்டு பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி வச்சிருக்காரு. கேட்டா, ‘இது என்ன உங்க பஸ்ஸா’ம்பாரு. போன வாரம் டவுன் பஸ்ஸுல ஒருத்தர் அப்படித்தான் கேட்டாரு. நான் ‘மன்னிச்சுக்கங்க’ன்னு சொல்லிட்டு அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்தே போயிட்டேன்.

என் பேரு தெய்வநாயகம். சிங்காநல்லூர்ல அபார்ட்மெண்ட், ரெண்டாவது மாடி. ஒரு மில்லுல மேனேஜருக்குச் செக்ரட்டரியா இருந்து ரிட்டயர் ஆனவன். போன் எடுக்கறதுல இருந்து, வந்தவங்களை உக்கார வைக்கறது, தண்ணி குடுக்கறது, வேண்டாதவங்களை மனசு நோகாம திருப்பி அனுப்பறது, எல்லாம் நான்தான். மேனேஜர் உள்ள கத்திக்கிட்டு இருப்பாரு. நான் வெளிய, ‘சார் ஒரு முக்கியமான மீட்டிங்ல இருக்காருங்க, நீங்க வந்ததை அவசியம் சொல்றேனுங்க’ன்னு சொல்லுவேன். கோவமா வந்தவன்கூட கும்பிட்டுட்டுப் போவான். அந்தப் பழக்கம் இன்னும் விடலை. விடவும் கூடாதுங்க. நாலு பேரு இருக்கற இடத்துல மனுஷன் இப்படித்தான் இருக்கணும்னு ஒண்ணு இருக்கில்லைங்களா?

இப்ப நாலு பேரு இல்லைதான். வீட்டுல நான் ஒருத்தன். சம்சாரம் தவறி நாலு வருஷம் ஆச்சு. பையன் நெதர்லாந்துல இருக்கான். நல்ல பையன். எவ்வளவு மரியாதை தெரிஞ்சவன்னு ஒண்ணு சொன்னாப் புரிஞ்சுக்குவீங்க. திடுதிப்புனு போன் பண்ணவே மாட்டான். முதல்ல ‘பேசலாமா?’ன்னு மெசேஜ் போடுவான். நான் ‘பேசலாம்’னு போட்டாத்தான் கூப்பிடுவான். நான்தான் சின்ன வயசுல இருந்து சொல்லிக் குடுத்தது. ஒருத்தர் எந்த நிலைமையில இருக்காங்களோ, கேட்டுட்டுப் பேசணும்னு. சில சமயம் நான் பாக்கறதுக்குள்ள நேரம் ஆயிடும். அப்புறம் அவனுக்கு வேலை வந்திரும். அந்த வாரம் போயிரும். அடுத்த வாரம் மறுபடி ‘பேசலாமா?’ன்னு வரும். அதுக்காகவே போனைக் கையோடயே வச்சிருப்பேன். குளிக்கப் போனாக்கூடக் கொண்டு போவேன். கேட்டவனைக் காக்க வைக்கறது தப்பில்லைங்களா?

தங்கச்சி பல்லடத்துல இருக்கா. இதோ, இந்த பஸ்ஸு அந்த வழியாத்தான் போகும். ஒருநாள் விடியக்காலையில குடும்பத்தோட வந்து கதவைத் தட்டறாங்க. ஏதோ கல்யாணத்துக்கு வந்தவங்க, வழியில எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு. நான் லுங்கியோட நிக்கறேன். ஒண்ணும் சொல்லாம உக்கார வச்சு, காபி குடுத்து, கிளம்பறப்பத்தான் பதமாச் சொன்னேன்: ‘அடுத்த தடவை ஒரு போன் பண்ணிட்டு வந்தா சௌகரியமா இருக்கும்மா.’ அவ்வளவுதான். அதுக்கப்புறம் போன் பண்ணிட்டு வர்றாங்களான்னு கேக்கறீங்களா? வர்றதே இல்லைங்க. எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்கறாங்க. பரவாயில்ல.

சரி, நான் கரூருக்கு எதுக்குப் போறேன்னு சொல்ல வந்தேன். ஒரு வீட்டுக்குப் போறேன். சொந்தம் இல்லைங்க. பக்கத்து வீட்டுல குடியிருந்தவங்க. அந்தப் பொண்ணு பேரு இசக்கிப்பிரியா. தூத்துக்குடிப் பக்கம். புருஷன் சிவராமலிங்கம், ஏற்றுமதி கம்பெனியில வேலை. ஜமுக்காளம், பெட்ஷீட்டு, அந்த மாதிரி. புருஷன் தங்கமானவருங்க. லிஃப்ட்ல பாத்தா வணக்கம் சொல்லுவாரு. அந்தப் பொண்ணுதான்...

எப்படிச் சொல்றது. கெட்ட பொண்ணு இல்லைங்க. முறை தெரியாது, அவ்வளவுதான்.

குடி வந்த அன்னைக்கே பாருங்க. பெல் அடிக்கலை. கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு, தள்ளிக்கிட்டு உள்ள வந்திருச்சு. ‘மாமா, உங்க வீட்டுல சுத்தியல் இருக்கா?’ன்னுது. மாமா! நான் யாரு, அது யாரு? பேரு தெரியாது, ஊரு தெரியாது. நான் எந்திரிச்சு நின்னு, ‘வணக்கங்க. என் பேரு தெய்வநாயகம். சார்னே கூப்பிடலாம்’னு சொன்னேன். அது சிரிச்சுட்டு, ‘சரி மாமா, சுத்தியல் இருக்கா?’ன்னுது.

அப்படி ஆரம்பிச்சதுங்க.

அதுக்கப்புறம் தினமும் ஒரு வருகை. ‘என்ன மாமா செய்யுதிய?’ன்னு கேட்டுக்கிட்டே நேரா சமையலறைக்குப் போகும். ஃபிரிட்ஜைத் திறக்கும். அடுத்தவங்க வீட்டு ஃபிரிட்ஜை! ‘இதுல ஒண்ணுமே இல்லியே, தயிரும் ஊறுகாயும் வச்சா மூணு வேளையும் ஓட்டுதிய?’ன்னு கேக்கும். சாயங்காலம் ஒரு தூக்குல மீன் குழம்பு வந்திரும். பாத்திரத்தை மேஜையில வச்சுட்டு, ‘சூடா இருக்கு, இப்பமே சாப்பிடுங்க’ன்னு உத்தரவு வேற. குழம்பு நல்லாத்தான் இருக்கும். அதை நான் மறுக்கலை.

ஆனா வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்க முடியுங்களா? என் சம்சாரம் இருந்தவரைக்கும் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் குடுப்பா. நான் என்ன செய்வேன்? சமைக்கத் தெரியாது. பேக்கரிக்குப் போய் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி, பாத்திரத்தைப் புளி போட்டுத் தேச்சு, துடைச்சு, அதுக்குள்ள வச்சு, மறுநாள் காலையில பத்து மணிக்கு மேல, அவங்க குளிச்சு முடிச்சிருப்பாங்கன்னு பாத்து, பெல் அடிச்சுக் குடுத்துட்டு வருவேன். உள்ள வாங்கன்னு கூப்பிடும். நான் போக மாட்டேன். பாத்திரம் குடுக்க வந்தவன் பாத்திரத்தைக் குடுத்துட்டுத் திரும்பணும். அதானே முறை?

ரெண்டாவது தடவை முந்திரி கேக். மூணாவது தடவை அல்வா. நாலாவது தடவை அந்தப் பொண்ணு இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்குது. ‘மாமா, எதுக்கு இதெல்லாம்? நான் என்ன கணக்குப் பாத்தா குழம்பு தாரேன்? இன்னொரு வாட்டி இப்படி வாங்கிட்டு வந்தியன்னா நான் குழம்பே தரமாட்டேன் பாத்துக்கிடுங்க.’

குடுக்கறதை வாங்கிக்கறதும் ஒரு நாகரிகம்தானுங்களே? அது தெரியலை. நான், ‘சரிங்கம்மா’ன்னு வந்துட்டேன். அடுத்த தடவை குழம்பு எதுல வந்துச்சு தெரியுங்களா? பிளாஸ்டிக் டப்பாவுல. ஹோட்டல்ல பார்சல் கட்டுவாங்களே, அதுல. ‘இதைத் திருப்பித் தராண்டாம் மாமா, தூக்கிப் போட்டுருங்க.’ எனக்குச் சுருக்குனு இருந்துச்சுங்க. தூக்கிப் போடற டப்பாவுல சோறு வாங்கித் திங்கற ஆளா நான்? ஆனா வந்த சாப்பாட்டை என்ன சொல்றது? சாப்பிட்டேன். டப்பாவையும் தூக்கிப் போடலை. கழுவி அடுக்கி வச்சிட்டேன். எப்படிங்க தூக்கிப் போடறது?

சாவி விஷயமும் அப்படித்தான். ஒருநாள், ‘தனியா இருக்கிய, ஒரு சாவி எங்கிட்ட இருக்கட்டும் மாமா, ஆபத்து அவசரத்துக்கு’ன்னு கையை நீட்டுது. நான் மென்மையா மறுத்துட்டேன். ஒரு வீட்டுச் சாவிங்கறது குடும்பத்துக்குள்ள இருக்கற விஷயம். ‘உங்க அக்கறைக்கு ரொம்ப நன்றிங்கம்மா’ன்னேன். அது கையை எடுத்துக்கிச்சு. அன்னைக்கு அதோட முகத்துல சிரிப்பு இல்லை. வெயில்ல வந்திருந்துச்சு, அசதியா இருந்திருக்கும்.

சூலூர் தாண்டிருச்சுங்களா? தாண்டிருச்சு. உங்களுக்குத் தண்ணி வேணுமாங்க? என்கிட்ட இருக்கு. நான் வாய் வச்சுக் குடிக்கலை.

இனிமேல்தான் விஷயத்துக்கே வர்றேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, குளிச்சு முடிச்சுத் துண்டை எடுக்கத் திரும்பறேன், கால் வழுக்கிருச்சு. பின்னால விழுந்தேன். இடுப்புல டக்குனு ஒரு சத்தம். வலின்னா அப்படி ஒரு வலி. எந்திரிக்க முடியலை. வலது காலை அசைக்கவே முடியலை. நல்லவேளையா போனைக் குழாய்க்குப் பக்கத்துல வச்சிருந்தேன். எட்டி எடுத்துட்டேன்.

எடுத்துட்டு யோசிக்கறேன். யாரைக் கூப்பிடறது? பையனை இப்பக் கூப்பிட முடியாது. அங்க நடுச்சாமம். அவன் அங்க இருந்து என்ன செய்வான், பதறுவான், அவ்வளவுதான். தங்கச்சிக்குப் பேசி ரொம்ப நாளாச்சு. ரொம்ப நாள் பேசாம இருந்துட்டு, எடுத்த எடுப்புல ‘நான் விழுந்துட்டேன், வா’ன்னு கூப்பிட முடியுங்களா? அசோசியேஷன் செக்ரட்டரி ஞாயித்துக்கிழமை காலையில பூஜையில இருப்பாரு. பக்கத்து வீட்டுல சின்னஞ்சிறுசுக. லீவு நாள். ஒன்பது மணி வரைக்கும் தூங்குவாங்க. அந்நேரம் போன் அடிச்சா என்ன நினைப்பாங்க?

அதனால மெசேஜ் போட்டேன். படுத்த வாக்குலயே, கண்ணாடி இல்லாம, ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சேன். ‘வணக்கம். நலம்தானே? நேரம் கிடைக்கும்போது அழைக்கவும். அவசரம் இல்லை.’

என்னங்க சிரிக்கறீங்க? சிரிக்கலையா? இருமினீங்களா, சரி.

வேற எப்படிங்க போடறது? ‘விழுந்துட்டேன், ஓடி வா’ன்னா? காலங்காத்தால ஒரு பொண்ணைப் பதற வைக்கறதா?

கொஞ்ச நேரத்துல பதில் வந்துச்சு. என்ன பதில்னு நினைக்கறீங்க? ஒரு கட்டைவிரல். நான் இத்தனை வார்த்தை அடிச்சு அனுப்பிச்சா, பதிலுக்கு ஒரு மஞ்சள் கட்டைவிரல். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ‘சரி’ போடறதுக்குக்கூட விரல் வலிக்குதுங்க.

தரை சில்லுனு இருந்துச்சு. குழாய் சரியா மூடலை, சொட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் அதை எண்ணிக்கிட்டுக் கிடந்தேன். ஒரு கட்டத்துல எண்ணிக்கை விட்டுப்போச்சு. மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சேன். கீழ யாரோ வண்டி கழுவறாங்க, ரேடியோ பாடுது, எல்லாச் சத்தமும் கேக்குது. கூப்பிட்டிருந்தாக் கேட்டிருக்கும். ஆனா குளிக்கற இடத்துல இருந்துக்கிட்டுக் கத்தறதாங்க? எனக்கு வரலை. நிஜமாவே வரலைங்க. வாயைத் திறந்து பாத்தேன். குரல் எந்திரிக்கலை.

எவ்வளவு நேரம் ஆச்சோ. பெட்ரூம் பால்கனிப் பக்கம் தொப்புனு ஒரு சத்தம். ‘மாமா! மாமா! எங்க இருக்கிய?’

ரெண்டு வீட்டுப் பால்கனிக்கும் நடுவுல இடுப்பளவு சுவர் ஒண்ணு இருக்கு. அதுல ஏறிக் குதிச்சு வந்திருச்சு. கதவை நான் உள்ள பூட்டியிருந்தேன், சாவியும் அதுகிட்ட இல்லை, வேற வழியில்லை, நான் குத்தம் சொல்லலை. ஆனா ரெண்டாவது மாடிங்க. அதுவும் நைட்டியோட.

பின்னாடி கேட்டப்ப என்ன சொல்லுச்சு தெரியுங்களா? ‘நீங்க என்னைக்கும் எனக்கு மெசேஜ் போட்டதே கிடையாது. தூக்கக் கலக்கத்துல விரலைப் போட்டுட்டுப் படுத்துட்டேன். படுத்தா ஒறக்கம் வரல. அவசரம் இல்லன்னு போட்டிருக்காவளே, அவசரம் இல்லாதவங்க எதுக்கு அதைச் சொல்லணும்னு தோணிச்சு.’

குளியலறை தாழ் போட்டிருந்துச்சு. தனியா இருந்தாலும் தாழ் போடறது என் பழக்கம். வெளிய இருந்து தட்டுது. நான் சொன்னேன், ‘கொஞ்சம் இருங்கம்மா. நான் சரியா உடுத்தலை. சிவராமலிங்கம் இருந்தா அவரை அனுப்பறீங்களா?’

‘அவரு ஊர்ல இல்ல மாமா!’

‘அப்படின்னா அவரு வர்ற வரைக்கும் இருக்கலாங்கம்மா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை.’

அதுக்கு அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லுச்சுங்க. அதை நான் பஸ்ஸுல சொல்ல முடியாது. சொல்லிட்டு ஒரு உதை விட்டுச்சு பாருங்க, பிளாஸ்டிக் கதவு, தாழோட பிஞ்சு உள்ள வந்து விழுந்துச்சு. விழுந்த கையோட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, கையை நீட்டித் தடவித் தடவி, கொடியில இருந்த துண்டை எடுத்து என் மேல போட்டுச்சு. ‘போத்திட்டியளா மாமா? திரும்பட்டா?’ன்னு கேட்டுட்டுத்தான் திரும்புச்சு.

அதை நான் சொல்லணுங்க. அந்த இடத்துல முறை தவறலை.

ஆஸ்பத்திரியில சேத்தாங்க. இடுப்பெலும்பு உடைஞ்சிருச்சு, ஆபரேஷன். நர்ஸம்மா வந்து, ‘நீங்க யாரும்மா இவருக்கு?’ன்னு கேட்டாங்க. இது கொஞ்சங்கூடத் தயங்காம, ‘மருமக’ன்னு சொல்லிருச்சு. நான் ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கேன். வலியோட வலியாத் தலையைத் தூக்கி, ‘இல்லைங்க சிஸ்டர், பக்கத்து வீட்டுக்காரங்க’ன்னு திருத்தினேன். இல்லாத உறவைச் சொல்லி நாளைக்கு அவங்களுக்கு ஒரு சங்கடம் வரக்கூடாதில்லைங்களா? நர்ஸு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. இது என் வேட்டியை மடிச்சு மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டு இருந்துச்சு.

பையனுக்கு நான் சொல்லலை. அந்த வாரமும் ‘பேசலாமா?’ன்னு போட்டிருந்தான். ‘இப்போது வேண்டாம், பிறகு பேசலாம்’னு பதில் போட்டேன். எட்டாயிரம் கிலோமீட்டர் அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு எதுக்குக் கவலை? இந்தப் பொண்ணு என் போனைப் பிடுங்கி நேரா கூப்பிட்டுருச்சு. கேக்கலை, கொள்ளலை. அங்க விடியக்காலம் நாலு மணி! ‘ஒங்க அப்பா இங்க இடுப்பொடிஞ்சு கெடக்காவ, நீங்க பேசலாமா பேசலாமான்னு கேட்டுக்கிட்டு இருக்கியளே, பேச வேண்டியதுதான? அப்பாகிட்ட பேச யாருகிட்ட அனுமதி வாங்கணும்?’ அந்தப் பக்கம் என் பையன் அழறது எனக்குக் கேட்டுச்சுங்க. பெரிய உத்தியோகத்துல இருக்கறவன். அடுத்தவங்க வீட்டு விஷயத்துல இவ்வளவு தூரம் வரலாமா? நீங்களே சொல்லுங்க.

அவன் வந்தான். பத்து நாள் இருந்தான். என் கட்டில் பக்கத்துல தரையில படுத்துக்குவான். நல்லாத்தான் இருந்துச்சு. அவன் இருந்த வரைக்கும் போனைத் தேடவே இல்லை நான். லீவு முடிஞ்சுது, போயிட்டான்.

அவன் போனதுக்கப்புறம் சாப்பாடு, மருந்து, நடக்கப் பழக்கறது எல்லாம் அந்தப் பொண்ணுதான். அதுவும் அப்ப முழுகாம இருந்துச்சு. சுவர் ஏறிக் குதிச்சப்பவே ரெண்டு மாசமாம். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் மெசேஜே போட்டிருக்க மாட்டேங்க.

நடக்க ஆரம்பிச்சதும் முதல் வேலையா என்ன செஞ்சேன்? கதர்க்கடையில வேட்டி சட்டை எடுக்கச் சொல்லி, ஒரு பட்டுச்சேலை, தட்டுல பழம், பூ, எல்லாம் வச்சு, வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு, வாட்ச்மேனைத் தட்டைத் தூக்கிட்டு வரச் சொல்லி, முறைப்படி பெல் அடிச்சேன். புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் வந்தாங்க. நான் சொல்ல வேண்டியதை முதல் நாளே எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தேன். ‘நீங்க ரெண்டு பேரும் எனக்குச் செஞ்ச உதவியை என்னைக்கும் மறக்க மாட்டேனுங்க. இதுக்கு நான் ரொம்ப நன்றிக்கடன் பட்டிருக்கேன். இனிமேல் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் குடுக்க மாட்டேன். வேலைக்கு ஒரு அம்மாவை ஏற்பாடு பண்ணிட்டேன். நீங்க இனி சிரமப்பட வேண்டாம்.’

சரியாத்தானே சொன்னேன்? ஒரு வார்த்தை தப்பா இருக்குங்களா இதுல?

அந்தப் பொண்ணுக்குக் கண்ணெல்லாம் செவந்து போச்சு. ‘நன்றியா? யாருக்கு மாமா நன்றி சொல்லுதிய?’ன்னு கேட்டுச்சு. நான் திரும்பவும், ‘உங்களுக்குத்தாங்கம்மா’ன்னேன். அது உள்ள போயிருச்சு. தட்டை சிவராமலிங்கம்தான் வாங்கிக்கிட்டாரு. மாசமா இருக்கற பொண்ணுகளுக்குத் திடீர் திடீர்னு மனசு ஒரு மாதிரி ஆகும்பாங்க. நான் அதைத்தான் நினைச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் டப்பா வரலை. நானும் கேக்கலை. கேக்கற விஷயமா அது?

ரெண்டு மாசத்துல சிவராமலிங்கத்தைக் கரூருக்கு மாத்திட்டாங்க. சாமான் ஏத்தற அன்னைக்கு நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தேன். குறுக்கால நின்னா அவங்களுக்கு இடைஞ்சல். சோஃபாவுல உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு சாமானா இறங்கற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். பீரோ போச்சு. கட்டில் போச்சு. அப்புறம் சத்தமே இல்லை.

அப்புறம் பெல் அடிச்சுச்சு.

யாரோன்னு போய்த் திறந்தா, அந்தப் பொண்ணு. குடி வந்ததுல இருந்து ஒருநாள்கூட என் வீட்டுப் பெல்லைத் தொடாத பொண்ணு. வாசலுக்கு வெளிய, மிதியடிக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கிட்டு நிக்குது. ‘உள்ள வாங்கம்மா’ன்னேன். ‘இருக்கட்டும். வண்டி நிக்கி. போயிட்டு வாரேன் சார்’னுது.

சார்.

முதல் நாள் நான் என்ன கேட்டேனோ, அதைச் சொல்லிருச்சு பாத்தீங்களா? பெல் அடிச்சு, வெளிய நின்னு, சார்னு சொல்லி, அளவாப் பேசி. எல்லாம் முறையா. ஒரு குத்தம் சொல்ல முடியாது. எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கணும். நான், ‘போயிட்டு வாங்கம்மா, உடம்பைப் பாத்துக்கங்க’ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்தினவன் அந்த இடத்துலயே நின்னுக்கிட்டு இருந்தேன். லிஃப்ட் கீழ போற சத்தம் கேட்டுச்சு. அப்பவும் நின்னேன். எதுக்கு நின்னேன்னு தெரியலைங்க. மதியம் வேலைக்கார அம்மா வந்து தள்ளித் திறந்தப்பத்தான் நகர்ந்தேன்.

காங்கேயங்களா இது? பஸ்ஸு வேகமாத்தான் வந்திருக்கு.

பொம்பளப்பிள்ளை பிறந்துச்சு. போன்ல போட்டோ வந்துச்சு. நான் ‘தாயும் சேயும் நலமுடன் வாழ வாழ்த்துகிறேன்’னு பதில் போட்டேன். கட்டைவிரல் வந்துச்சு. அந்தப் போட்டோவை அடிக்கடி எடுத்துப் பாப்பேன். பிள்ளைக்கு மூக்கு அம்மா மாதிரி.

போன ஞாயித்துக்கிழமை முதல் பிறந்தநாள். மண்டபம் பிடிச்சுப் பண்ணினாங்களாம். அழைப்பு எப்படி வந்துச்சு? அதுவும் போன்லதான். ஒரு படம். பலூன் போட்ட படம். எல்லாருக்கும் அனுப்பற படத்துல எனக்கும் ஒண்ணு. கரூர்ல இருந்து நேர்ல வந்து கூப்பிடணும்னு நான் எதிர்பாக்கலைங்க. கைக்குழந்தைக்காரி. ஆனா ஒரு வார்த்தை பேசிக் கூப்பிட்டிருக்கலாமில்லைங்களா? அழைப்புன்னு ஒரு முறை இருக்கில்ல? நான் போகலை. போகாம, சட்டை எல்லாம் தேச்சு மாட்டியிருந்தேன், அதைப் பாத்துக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருந்தேன்.

அன்னைக்குச் சாயங்காலமே போன் அடிச்சுது. ‘ஏன் மாமா வரல?’ மாமாதான், மறுபடியும். பின்னாடி ஒரே சத்தம், குழந்தை அழுகை, பாட்டு. ‘மெழுகுவர்த்தி ஊதையில வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒங்களுக்குன்னு முன் வரிசையில நாற்காலி போட்டு வச்சிருந்தேன், யாரையும் உக்கார விடல.’ நான், ‘உடம்பு கொஞ்சம் சரியில்லைங்கம்மா’ன்னேன். ‘அப்ப சரியானதும் ஒருநாள் சாப்பிட வாங்க. வெளமீன் வாங்கிக் குழம்பு வைக்கேன்’னுது. நேத்து மறுபடி கூப்பிட்டுக் கேட்டுச்சு. நான் நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு தெரியலை. வாய் தானாச் சொல்லிருச்சு.

ஒரு நிமிஷங்க. போன். மன்னிச்சுக்கங்க, பஸ்ஸுல பேசறது எனக்குப் பிடிக்காது, ஆனா அந்தப் பொண்ணுதான்.

ஹலோ... சொல்லுங்கம்மா... இல்லைங்கம்மா, இன்னும் வீட்டுலதான் இருக்கேன்... சத்தமா? அது டிவிங்கம்மா... ஒரு வேலை வந்திருச்சு. சாயங்காலம் நாலு மணி வாக்குல வர்றேன்... வேண்டாங்கம்மா, நீங்க சாப்பிடுங்க... இல்லைங்க, எனக்காகக் காத்திருக்காதீங்க... பாப்பா என்ன பண்ணுது?... சரிங்க... சரிங்கம்மா... வச்சிடட்டுங்களா?

பொய்தாங்க. என்ன செய்யறது? இந்த பஸ்ஸு இப்பவே போயிச் சேந்திரும் போல. சரியாச் சாப்பாட்டு நேரத்துல ஒரு வீட்டு வாசல்ல போய் நின்னா, சோத்துக்கு வந்தவன் மாதிரி இருக்காதுங்களா? கூப்பிட்டாங்கதான். இலை போட்டு வச்சிருக்கேன், நீங்க வந்தாத்தான் சாப்பிடுவேன்னு சொல்லுச்சுதான். அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க. அப்படித்தானே? யாராச்சும் நிஜமாவே பசியோட உக்காந்திருப்பாங்களா ஒருத்தருக்காக?

நேரா போகச் சொல்றீங்களா? நீங்க சின்னவரு. உங்களுக்குப் புரியாது.

கரூர் பஸ் ஸ்டாண்டுல உக்கார பெஞ்சு இருக்குங்களா? ஃபேன் கீழ இருந்தாத் தேவலை. நாலு மணி வரைக்குந்தானே, ஓடிப்போயிரும். நீங்க இறங்கினதும் உடனே போகணுங்களா? பக்கத்துல ஒரு நல்ல ஹோட்டல்ல ரெண்டு பேரும் ஒரு வாய் சாப்பிட்டுட்டு... இல்லைங்க, வேண்டாம், வேண்டாம். முன்னப்பின்னத் தெரியாதவரை இப்படிக் கூப்பிடறது தப்பு. நான் கேட்டதை மறந்திடுங்க. நீங்க இறங்குங்க முதல்ல, நான் மெதுவா வர்றேன். வீட்டுக்குப் போங்க தம்பி. அங்க உங்களுக்குச் சாப்பாடு எடுத்து வச்சுக்கிட்டு யாராச்சும் காத்துக்கிட்டு இருப்பாங்க.